குருத்தகத்தில் ஒரு பெயர் நீக்கம்

பெயர் நீக்கப் படிவத்தில் நான் பொய் எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்தவர்கள் அனைவரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் என்னை விசாரித்தார்கள்.

என் பெயர் மோகனசுந்தரம். பொள்ளாச்சிக்கு வெளியே நார் மில் நடத்துகிறேன். வயது எழுபத்திரண்டு. எனக்கு ஒரே மகள், மிருதுளா. குருத்தகங்கள் தொடங்கிய புதிதில் பிறந்தவள். பிரசவம் முடிந்ததும் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து, விரல் நீளக் குப்பியில் அடைத்து, கோயம்புத்தூர்க் குருத்தகத்தில் உறையவைத்தார்கள். குருத்தணு என்பது இன்னும் எந்த வேலையும் எடுத்துக்கொள்ளாத செல். ஈரலில் விட்டால் ஈரலாகும், எலும்பில் விட்டால் எலும்பாகும். பின்னாளில் எந்த உறுப்பு கெட்டாலும் அவரவர் குப்பியே அவரவருக்கு மருந்து. குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று பதிவேடு ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருந்தன: நான், என் மனைவி கவிதாமணி, மகள். குப்பி மகளுக்கு மட்டும்.

இருபத்துமூன்று வயதில் அவள் இன்பராஜ் என்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் எந்த ஆட்கள் என்று எழுதி யாரையும் சிறுமைப்படுத்த மாட்டேன். எங்கள் ஆட்கள் அல்ல. பங்காளிகள் கூடினார்கள். தலைமுழுகினோம். கருமாதிப் பத்திரிகை அச்சடித்து ஊருக்குக் கொடுத்தோம். பதினாறாம் நாள் நூற்றுநாற்பது பேர் சாப்பிட்டார்கள். அன்று கவிதாமணியும் குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரப்புடவையோடு நடு வீட்டில் வந்து உட்கார்ந்தாள். நான் சொன்னதால் செய்தாள்.

பிறகு ரேஷன் அட்டையில் பெயரை நீக்கினேன். அதே கையோடு குருத்தகப் பதிவேட்டிலும் நீக்கப் போனேன். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: திருமணம், இடமாற்றம், இறப்பு. திருமணம் என்றால் நாங்கள் செய்துகொடுத்த திருமணம் என்றாகிவிடும். இடமாற்றம் என்றால் திரும்பி வர இடம் இருக்கிறது என்றாகும். இறப்பு என்ற கட்டத்தில் குறியிட்டேன். சான்று கேட்டிருந்தார்கள், கருமாதிப் பத்திரிகையை இணைத்தேன். என் பெரியப்பா மகன் சிவசங்கரனும் அவர் தம்பி லோகநாதனும் பங்காளிகள் என்ற முறையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் வரையில் அது உண்மை.

பதினோரு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, மில் அலுவலகத்துக்கு இன்பராஜ் வந்தார். முன்தலையில் முடி பின்வாங்கியிருந்தது. என்னை எப்படி அழைப்பது என்று தெரியாமல் சற்று நின்றார்.

"உக்காரச் சொல்லமாட்டீங்கன்னு தெரியும் சார். நின்னுட்டே சொல்லிடறேன்."

"சொல்லுங்க."

"மிருதுளாவுக்கு உடம்பு ரொம்ப முடியலை. அவ குப்பியை எடுக்கோணும். கலியாணத்துக்கு முந்தின குப்பிங்கறதால பொறந்த வீட்டுத் தலைவர் கையெழுத்து வேணும்கறாங்க."

எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருடமாக, விசேஷ வீடுகளில் கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொன்னேன். ஆனால் இன்னொருவருக்குச் சேர வேண்டியதைப் பிடித்துவைத்துக்கொண்டான் என்ற பேச்சு எங்கள் வாசலுக்கு வரக் கூடாது.

"குப்பி அந்தப் பொண்ணுது. எனக்கு எதுக்கு அது? நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் குருத்தகத்துக்கு வந்துருங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"ஒரே கார்ல போயிடலாங்களா சார்?"

"வேண்டாம். நீங்க உங்க வண்டியில வாங்க."

வீட்டில் கவிதாமணியிடம் இதைச் சொல்லவில்லை. இது ஆண்கள் முடித்துவிட்டு வரவேண்டிய காரியம் என்று நினைத்தேன்.

குருத்தகத்தில் இருந்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"இந்தக் குப்பியை அழிச்சாச்சுங்களே சார்."

"யார் அழிச்சது?"

"நாங்கதானுங்க. செத்தவங்க குப்பியை ஒரு வருசத்துக்கு மேல வெக்கறதில்லை. இடம் பத்தாது. நீங்களே பத்திரிகை குடுத்திருக்கீங்க பாருங்க. நல்ல கெட்டிக் காகிதம், ரெண்டு பக்கமும் அச்சு. இப்பல்லாம் இப்படி யாருங்க அடிக்கறாங்க?"

"நான் நீக்கச் சொன்னது பேரை. குப்பியை இல்லை."

"பேர் போனா குப்பி போச்சுங்க சார். ரேஷன் அட்டைன்னு நெனச்சுட்டீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இன்பராஜ் என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சார். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால இதை எடுத்துச் சொல்ல முடியாது" என்றார். அவருக்காக அல்ல, என் கையெழுத்தினால் நேர்ந்ததை இன்னொருவர் வாயால் சொல்லவைப்பது முறையல்ல என்பதால் போனேன்.

டாக்டர் ரிஹானாவுக்கு நாற்பது வயதிருக்கும். நோயின் பெயர் நீளமானது. வார்டில் அதைச் செவிட்டு நோய் என்றார்கள்.

"காதுக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா. செல்லுக்குத்தான் செவிடு" என்றார் அவர். "உங்க உடம்புல இருக்கற எல்லாச் செல்லுக்குள்ளயும் ஒரே புத்தகம்தான் இருக்கு. தோலுக்கும் அதே புத்தகம், ஈரலுக்கும் அதே புத்தகம். யாரு எந்தப் பக்கத்தைப் படிக்கறதுங்கறதுதான் வித்தியாசம்."

"அதை யார் சொல்றது? மூளையா?"

"மூளை இல்லீங்க. பக்கத்துல இருக்கற செல். நீ ஈரல், உன் வேலை இதுன்னு அக்கம்பக்கம் சொல்லிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை சொன்னாப் போதாது. தினமும் சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"கொஞ்சம் தன் வேலையை மறந்துடும். மீதி தன்னைத்தானே முடிச்சுக்கும். வெளியில இருந்து யாரும் வந்து கொல்றதில்லை. நம்மகிட்ட யாரும் பேசலை, அப்ப நாம இங்க வேண்டாம்னு அதுவே முடிவு பண்ணிடும்."

அவர் நோயைப் பற்றித்தான் சொன்னார். முகத்தில் வேறு எதுவும் இல்லை. இருந்தாலும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"உங்க மகள் உடம்புல எல்லாச் செல்லும் பேசுது. கேக்கறதுதான் நின்னுபோச்சு. ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியலை. பொறந்தப்ப எடுத்த குருத்தணுவுக்குக் காது நல்லா இருந்திருக்கும். அது இருந்திருந்தா..."

"இப்ப வேற வழி இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. அப்பா அம்மால ஒருத்தரோட தோல் செல்லை எடுத்து, அது கத்துக்கிட்டதை எல்லாம் மறக்கவெச்சு, மறுபடி குருத்தாக்கி, உங்க மகள் உடம்புல விடலாம். பாதி உறவுங்கறதால உடம்பு ஏத்துக்கும். முழுசாக் குணம்னு சொல்லமாட்டேன். ஒரு பத்து வருசம் கிடைக்கும்."

"மறக்கவெக்கறதுன்னா?"

"தோலு தோலாவே இருந்துக்கிட்டு ஈரலாக முடியாதுங்களே. தோலுங்கறதை மறந்தாத்தான் புது இடத்துல சேர்த்துக்கும்."

"சரி, எடுத்துக்குங்க" என்று சட்டைக் கையை மடித்தேன்.

அவர் எடுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்பு ஏழைகளைக் கூட்டிவந்து, அப்பன் என்றும் அண்ணன் என்றும் சொல்லி, செல்லை விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. பதிவேட்டில் உறவு என்று இருந்தால்தான் ஒருவர் செல்லை மற்றொருவருக்குக் கொடுக்கலாம்.

"ரத்தம் பார்த்தாத் தெரியாதா, நான் அப்பன்னு?"

"எனக்குத் தெரியும்ங்க. பதிவேட்டு அதிகாரிக்கு ரத்தம் போதாது. உங்க பக்கத்துல அவங்க செத்துட்டாங்க. அன்னிக்கு எழுதிக் குடுத்தது பொய்னு நீங்க உறுதிமொழி எழுதணும். அப்ப சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்களே இப்பவும் போடணும். சீக்கிரம் பண்ணுங்க. அதிகம் போனா ஒரு மாசம்தான் இருக்கு."

மகளைப் பார்க்காமல் திரும்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். அவள் அறை வழியில் இருந்தது, கதவு திறந்திருந்தது.

"வாங்கப்பா" என்றாள். "செத்தவளைப் பார்க்க வந்திருக்கீங்க. தீட்டு ஒண்ணும் இல்லீங்களா?"

"எப்படி இருக்கே?"

"இப்படித்தானுங்க." கைகளைத் தூக்கிக் காட்டினாள். விரல் நுனிகள் பளிங்குபோல வழுவழுப்பாக இருந்தன. ரேகைகள் அழிந்திருந்தன. "கைநாட்டு வெக்கக்கூட லாயக்கில்லாமப் போயிட்டேன். அம்மா நல்லாருக்காங்களா?"

"இருக்கா."

"சொன்னீங்களா?"

கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பொய் என்று எழுதுவது லேசான வேலை அல்ல. என் வாழ்நாளில் நான் எழுதிக்கொடுத்த எதையும் திரும்பப் பெற்றதில்லை. எட்டு நாள் யோசித்த பிறகு சிவசங்கரன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எண்பதைத் தொடும் வயது. லோகநாதனும் அங்கேயே இருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"மோகனா, நீ வந்து அழுதா இப்பவே போட்டுக் குடுத்துருவேன்" என்றார் அண்ணன். "ஆனா நீ அழமாட்டே."

"அழ வரலீங்ணா. கேக்க வந்தேன்."

"அன்னைக்கு நூத்திநாப்பது பேரு இலை போட்டுத் தின்னாங்க. உசுரோட இருக்கறவளுக்குக் கருமாதிச் சோறு போட்டோமுன்னு இன்னைக்கு எழுதிக் குடுத்தா, தின்னவனெல்லாம் என்ன ஆவான்? தின்னதைக் கக்கச் சொல்வியா?"

"வடை வேற ரெண்டு ரெண்டு போட்டாங்க" என்றான் லோகநாதன்.

"நீ சும்மா இருடா." அண்ணன் மூச்சு வாங்கினார். "அன்னைக்கு அவ அப்பன் நீ. வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க முழுகியிருப்பமா? உன்ற பேச்சைக் கேட்டுத்தானே தண்ணியை ஊத்துனோம். இப்ப ஊத்துன தண்ணியை அள்ளச் சொல்றே. நாலு நாள் குடு. எல்லாரையும் கலந்துட்டுச் சொல்றேன்."

நாலு நாள் கொடுத்தேன். நாலாம் நாள் அவர் ஒரு வழியோடு வந்தார். அந்த வழியில் எங்களில் யாரும் பொய்யர் ஆக வேண்டியதில்லை.

"செத்தவ திரும்பி வரோணும்னா பொறந்துதான் வரோணும். புதுப் பேரு வெச்சு, சுவீகாரம் எடுத்துக்கறதா எழுதிக்க. நாங்க ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறோம். சட்டத்துலயும் இடம் இருக்குது, விசாரிச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணு. கலியாணமானவளைச் சுவீகாரம் எடுக்க முடியாது. அந்த வீட்டுப் பதிவேட்டுல இருந்து பேரை எடுத்துட்டு, எனக்குக் கலியாணமும் ஆகலை, புள்ளையும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரட்டும். வந்ததுக்கப்பறம் அந்தப் பக்கம் போகக் கூடாது."

அப்போது எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. உயிரும் மிஞ்சும், வார்த்தையும் மிஞ்சும். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்பராஜையும் வைத்துக்கொண்டு மகளிடம் சொன்னேன். அவள் முகத்தின் தோல் அதற்குள் எண்ணெய்க் காகிதம்போல ஆகிவிட்டிருந்தது. இன்பராஜ் தலை குனிந்து கேட்டார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எழுதிக் குடுத்துரு மிருது. காகிதம்தானே. நான் நேயாவைப் பாத்துக்கறேன். நீ உசுரோட எங்கயோ இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

நேயா அவர்கள் மகள். ஏழு வயது. நான் பார்த்ததில்லை.

"டாக்டரம்மா எனக்கும் சொன்னாங்க" என்றாள் மிருதுளா. "தோலு தோலுங்கறதை மறந்தாத்தான் ஈரல்ல சேர்த்துக்குமாம். மறக்கறதுக்கு நான் செல்லு இல்லீங்கப்பா."

"பொழைக்கறதுக்கு ஒரு வரி. அவ்வளவுதான்."

"கலியாணம் ஆகலைன்னு எழுதமாட்டேன். ஆச்சு. புள்ள இல்லைன்னு எழுதமாட்டேன். இருக்கா, ரெண்டாவது படிக்கறா, கணக்கு வரமாட்டேங்குது. இதெல்லாம் பொய்னு நான் எப்படிங்கப்பா எழுதுவேன்?"

"பிடிவாதம் பண்ற நேரமா இது?"

"உங்களுக்கும் ஒரு வரிதானுங்களே. நீங்க எழுதினீங்களா?"

குரலில் கோபம் இல்லை. படுத்துக் கிடந்தபோதும் கழுத்து நிமிர்ந்துதான் இருந்தது. எங்கள் வீட்டுக் கழுத்து.

"சரி விடுங்க. சாகப் போறவகிட்ட வாதாடுனா அப்பறம் ஊரு உங்களைத்தான் பேசும்" என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. இன்பராஜ் பஞ்சை எடுத்து ஒற்றினார்.

அண்ணன் வீட்டுக்கு மறுபடியும் போயிருக்கலாம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். ஒரே காரியத்துக்கு ஒருவர் வாசலில் இரண்டு முறை நின்று எனக்குப் பழக்கமில்லை. என் உறுதிமொழியை மட்டும் எழுதி ஒரு நாள் மேஜையில் வைத்திருந்தேன். சாட்சி இல்லாமல் அது செல்லாது. கிழித்துவிட்டேன்.

பதினேழாம் நாள் கவிதாமணிக்குத் தெரிந்துவிட்டது. உறவில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போன இடத்தில், சிவசங்கரன் அண்ணன் மனைவி வாயைவிட்டிருக்கிறார். மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே என் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, நம்ம புள்ளைக்கு என்னாச்சுங்க?"

பதினோரு வருடத்தில் அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் ஒலிக்கவில்லை. சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"பதினேழு நாள்."

"பதினேழு நாளும் என்ற கையில சோறு வாங்கித் தின்னீங்க" என்றாள். ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அங்கே நடந்ததை டாக்டர் ரிஹானாதான் பிறகு எனக்குச் சொன்னார். கவிதாமணி எட்டாவது வரை படித்தவள். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, சட்டப்படி அம்மாவின் செல்லையும் எடுக்க முடியாது என்று சொன்னபோது, அவள் கேட்டாளாம்:

"ஏனுங்க டாக்டரம்மா, பத்து மாசம் என்ற வவுத்துல இருந்தாளே. ஒரே ரத்தமா ஓடிட்டிருந்துது. போறப்ப அவளோடது எதுவும் எனக்குள்ள விட்டுட்டுப் போயிருக்கமாட்டாளா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். என்னிடம் சொன்னார்: "எனக்கு அது தெரியும் ஐயா. படிச்சிருக்கேன். வயித்துல இருக்கற குழந்தையோட செல் கொஞ்சம் அம்மா உடம்புக்குள்ள போய், அங்கங்க தங்கிடும். இருதயத்துல, ஈரல்ல, எலும்பு மஜ்ஜையில. முப்பது நாப்பது வருசம்கூட உசுரோட இருக்கும். தெரிஞ்ச விஷயந்தான். மருந்தா யாரும் எடுத்ததில்லைங்கறதால என் புத்திக்கு எட்டலை. அவங்க கேட்டாங்க."

அன்றைக்கே எடுத்துப் பார்த்தார்கள். கவிதாமணியின் மஜ்ஜையில் மகளின் செல்கள் ஏழு கிடைத்தன. முப்பத்துநான்கு வருடமாக அங்கே இருந்தவை. நோய் வருவதற்கு முந்தையவை. காது நன்றாகக் கேட்டது. அவள் செல்லை அவளுக்கே திருப்பிக் கொடுக்க எந்தப் பங்காளியின் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

"ஏழு செல்லை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கோடிக்கணக்குல பெருகணும். இருபது நாள் ஆகும்" என்றார் டாக்டர். "நாங்க அவசரப்படுத்தினோம். அது அவசரப்படலை. முதல் நாளே அம்மா வந்திருந்தா..."

பதினேழு நாள் எங்கே போயிற்று என்று எனக்கு யாரும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

செல்கள் தட்டில் வளரத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், காலை ஏழு மணிக்கு மிருதுளா இறந்தாள். கடைசி இரண்டு நாள் ஈரலும் சிறுநீரகமும் தங்கள் வேலையை மறந்துவிட்டன. இருதயம் மட்டும் சற்று நேரம் கூடுதலாக நினைவு வைத்திருந்தது என்று இன்பராஜ் போனில் சொன்னார். அப்போதும் என்னைச் சார் என்றுதான் அழைத்தார்.

நான் எரியூட்டலுக்குப் போகவில்லை. சிவசங்கரன் அண்ணன் ஆள் அனுப்பினார்: ஒரு உடம்புக்கு இரண்டு கருமாதி கிடையாது, அதனால் பங்காளிகள் யாருக்கும் தீட்டு இல்லை, கோயிலுக்குப் போகலாம், விசேஷங்களுக்குப் போகலாம். முறைப்படி அவர் சொன்னது சரிதான்.

மூன்றாம் நாள் பகல் கவிதாமணி திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எழவு வீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்பது புடவையிலேயே தெரிந்தது. நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"வீட்டுக்குப் பின்னால பொடக்காணியில தண்ணி இருக்குது. முழுகிட்டு உள்ளே வா."

"எதுக்குங்க?"

"எழவு வீட்ல இருந்து வர்றே."

"எந்த எழவு? அவ செத்துப் பதினோரு வருசமாச்சுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க." பையைக் கீழே வைத்தாள். "இன்னொருக்கா முழுகமாட்டேனுங்க. அன்னைக்கு நீங்க சொன்னீங்கன்னு குடம் குடமா ஊத்துனேன். அப்பவும் அவ எனக்குள்ளதான் உக்காந்திருந்திருக்கா. தண்ணி அவ்வளவு ஆழம் போகாதுங்க."

வழிமறித்து நிற்பது அழகல்ல. விலகி நின்றேன். அவள் அப்படியே உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சோறு போடுவாள். போதுமா என்று கேட்கமாட்டாள்.

மகள் இறந்த எட்டாம் நாள் டாக்டரிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"ஐயா, வளர்ந்துடுச்சுங்க. இன்னைக்குத்தான் முழுசா ஆச்சு. ரொம்ப நல்லா வந்திருக்கு. என்ன பண்ணட்டும்னு கேக்கறதுக்குத்தான்..."

"ஒரு குப்பியில போட்டு உறையவெச்சுருங்க."

"பதிவேட்டுல பேர் இருக்கறவங்களுக்குத்தான் குப்பிங்க ஐயா. இன்பராஜ் சார் அவர் பக்கத்துல இருந்தும் பேரை எடுத்தாச்சு. இறப்புச் சான்று குடுத்தா அவர் எடுத்துத்தான் ஆகணும்."

"அப்ப என்ன ஆகும்?"

"அதுங்க குருத்தணு. நீ இதுன்னு பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை வரணும். அது வர்ற வரைக்கும் காது குடுத்து உக்காந்திருக்கும். உடம்பு இல்லாம யாரு சொல்றது? நாலு நாள் தாங்கும்ங்க. அதுக்கப்புறம் தானே முடிஞ்சுடும்."

போனை வைத்துவிட்டு, சமையலறை வாசலுக்குப் போய்க் கவிதாமணியிடம் சொன்னேன். பார்க்க வருகிறாயா என்று கேட்டேன்.

"எனக்குள்ள இருக்கறதைப் பார்க்க நான் எதுக்குங்க அவ்வளவு தூரம் வரோணும்?" என்றாள், திரும்பாமல். "நீங்க போங்க. உங்களுக்குத்தானே எதுவும் இல்லை."

போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டம். அதில் நிறமில்லாத நீர். நீருக்குள் அரிசி களைந்த தண்ணீர்போல ஒரு மங்கல். அவ்வளவுதான். டாக்டர் ரிஹானா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

மனிதர் பேசுவது செல்லுக்குக் கேட்காது. அது வேறு மொழி என்று டாக்டர் விளக்கியிருக்கிறார், நானும் படித்தவன்தான். இருந்தும் நாலு நாளும் காலை பத்து மணிக்குப் போனேன், பதினொன்றுக்குத் திரும்பினேன். நாலாம் நாள் மங்கல் போய், தட்டில் தெளிந்த நீர் மட்டும் இருந்தது.

அங்கே நின்று நான் என்ன பேசினேன் என்பது எங்கள் வீட்டு விஷயம். வெளியே சொல்வதற்கில்லை.